கோடையில் தண்டவாளம் மூடினால்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனியில் எப்போது ரயில் ஓடாது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? உங்கள் மாநிலத்தின் பள்ளி விடுமுறை அட்டவணையைப் பாருங்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும், அலுவலகம் போகிறவர்களில் பாதிப்பேர் இத்தாலிக் கடற்கரையில் கிடக்கும் அந்த ஆறு வாரங்களில்தான் தண்டவாளத்தைப் பிரித்துப் போடுவார்கள். பதினாறு மாநிலங்களுக்கும் விடுமுறை ஒரே நாளில் தொடங்குவதில்லை. பவேரியாவும் பாடன் வுர்ட்டம்பெர்க்கும் எப்போதும் கடைசி. ஜூலை முடிவிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ ஆரம்பித்து செப்டம்பர் நடுப்பகுதி வரை போகும். வடக்கே சில மாநிலங்களில் ஜூன் கடைசியிலேயே தொடங்கிவிடும் ஆண்டுகளும் உண்டு. ஆக, ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலை என்று தாம்பரம் மின்சார ரயிலை நிறுத்தினால் மூன்று நான்கு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று பழகியவர்கள் நாம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. வார இறுதியில் வேலை பார்த்து ஒட்டுப்போடுவது போதவில்லை என்று, ஒரு தடத்தை மாதக்கணக்கில் முழுதாக மூடி மொத்தமாகப் புதுப்பிக்கும் திட்டத்தை ஜெர்மன் ரயில்வே கையில் எடுத்திருக்கிறது. 'கெனரால்ஸானியருங்' என்பார்கள். முதலில் மூடியது ஃபிராங்க்ஃபர்ட், மன்ஹைம் நகரங்களுக்கு இடையே உள்ள ரீட்பான். சுமார் 70 கி.மீ. தடம்தான், 2024 ஜூலை 15 முதல் டிசம்பர் 14 வரை ஐந்து மாதம் மூடிக் கிடந்தது. அந்த ஐந்து மாதத்தில் 117 கி.மீ. தண்டவாளமும், ரயில் தடம் மாறும் 152 இடங்களும், 20 நிலையங்களும் வேலைக்கு உட்பட்டன. அடுத்து ஹாம்பர்க், பெர்லின் தடம். ஏறக்குறைய 280 கி.மீ. நீளம். 2025 ஆகஸ்ட் 1-ல் மூடி, 2026 ஏப்ரல் 30 வரை ஒன்பது மாதம் என்று திட்டமிட்டார்கள். கோடை மூடல் என்று பெயர்தானே தவிர, சில மூடல்கள் கோடையில் தொடங்கிப் பனிக்காலம் வரை நீளும்.

இந்தப் பெரிய மூடல்கள் ஒரு வகை. இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஒரு கிளைத் தடத்தையோ எஸ்-பான் என்ற நகர, புறநகர் ரயில் தடத்தையோ மூடுவது இரண்டாவது வகை. வெள்ளி இரவு மூடி திங்கள் விடியலில் திறப்பது மூன்றாவது. புதிதாக வந்தவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவது வகையில்தான். பெரிய மூடல் செய்தியில் வரும். சின்னது தாளில் அடித்து நிலையத் தூணில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில், எது மூடியிருக்கிறது?

ரயில்வேயின் சொந்தச் செயலியான டிபி நேவிகேட்டரில், பயணம் செய்யப்போகும் அதே தேதியையும் நேரத்தையும் போட்டுத் தேடுங்கள். 'எப்பவும் 8:14 வண்டி இருக்குமே' என்று நினைவை நம்பிப் போகிறவர்தான் பிளாட்பாரத்தில் தனியாக நிற்பார். தேடல் முடிவில் மூன்றைக் கவனியுங்கள். எங்காவது பேருந்துப் படமோ 'பஸ்' என்ற சொல்லோ வருகிறதா? பயண நேரம் வழக்கத்தைவிட அரை மணி, முக்கால் மணி கூடியிருக்கிறதா? வழியில் நிற்க வேண்டிய ஊர் பட்டியலில் காணாமல் போயிருக்கிறதா?

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. தடம் மூடியிருக்கும்போது விரைவு வண்டிகளை வேறு பாதையில் சுற்றி விடுவார்கள். ஹாம்பர்க், பெர்லின் மூடலில் ஐசிஇ என்ற அதிவேக வண்டிகள் ஊல்ட்சன், ஸ்டென்டால் வழியாகச் சுற்றிப் போயின. முக்கால் மணி நேரம் கூடியது. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் மாறாது, நடுவில் உள்ள உங்கள் ஊரை மட்டும் வண்டி தொடாமலே போய்விடும். இன்னொரு வம்பும் இருக்கிறது. சுற்றிப் போகும் வண்டி சேருமிடத்துக்கு நேரத்தில் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக வழக்கத்தைவிட முன்னதாகப் புறப்படும். தாமதத்துக்கு நாம் தயாராக இருப்போம்; வண்டி பத்து நிமிடம் முன்னால் போய்விடும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

ஜெர்மன் தெரியாவிட்டாலும் சில சொற்களைக் கண் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். 'பவ்ஆர்பைட்டன்' என்றால் கட்டுமான வேலை. 'ஃபெல்ட் அவுஸ்' என்றால் ரத்து. 'ஹால்ட் என்ட்ஃபெல்ட்' என்றால் அந்த நிலையத்தில் நிற்காது. 'உம்லைட்டுங்' என்றால் மாற்றுப் பாதை. முக்கியமானது 'ஷீனன்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர்'. வாயில் நுழையாது, கவலைப்பட வேண்டாம்; ஜெர்மன்காரர்களே சுருக்கி எஸ்இவி என்றுதான் சொல்வார்கள். ரயிலுக்குப் பதிலாக விடும் பேருந்து.

கூகுள் மேப்ஸை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். பகுதிப் போக்குவரத்து அமைப்பின் செயலியிலும் ஒருமுறை பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் என்றால் ஆர்எம்வி, மியூனிக் என்றால் எம்விவி. சின்ன வார இறுதி மூடல்கள் இவற்றில் விவரமாக இருக்கும்.

பேருந்தா, சுற்றுப்பாதையா?

மூடல் இருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் வரும் பேருந்து இணைப்பையே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வரைபடத்தைத் திறந்து இணையாக வேறு தடம் ஓடுகிறதா என்று பாருங்கள். ரீட்பான் மூடியிருந்தபோது டார்ம்ஸ்டட், பென்ஸ்ஹைம், வைன்ஹைம் வழியாக மன்ஹைமுக்குப் போக இன்னொரு தடம் இருந்தது. பேருந்தில் நெடுஞ்சாலை நெரிசலில் உட்கார்ந்திருப்பதைவிட அரை மணி கூடுதலாக ரயிலில் போவது பலருக்கும் சௌகரியம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: திருப்பிவிட்ட வண்டிகளும் அதே தடத்தில்தான் வரும். அதனால் அங்கே கூட்டமும் கூடும், உள்ளூர் வண்டிகளையும் குறைத்திருப்பார்கள்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ரைன் ஆற்றின் வலது கரைத் தடத்தை, ட்ராய்ஸ்டார்ஃபிலிருந்து கோப்லென்ஸ் பக்கமாக வீஸ்பாடன் வரை, 2026 ஜூலை 10 முதல் டிசம்பர் 12 வரை மூடுவதாகத் திட்டம். நீங்கள் பான் (Bonn) நகரில் படிக்கிறீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். திராட்சைத் தோட்டங்களைக் காட்ட ரூடெஸ்ஹைமுக்குக் கூட்டிப்போக ஆசை. ரூடெஸ்ஹைம் மூடிய கரையில் இருக்கிறது. எஸ்இவி பேருந்தைப் பிடித்து ஆற்றங்கரைச் சாலையில் வளைந்து வளைந்து போகலாம். ஆனால் எதிர்க்கரைத் தடம் தனி. பானிலிருந்து ரெமாகன், கோப்லென்ஸ், பாப்பார்ட், ஸாங்க்ட் கோவார் வழியாக பிங்கன் வரை ஆர்பி 26 வண்டி இடது கரையிலேயே போகும். பிங்கனில் இறங்கினால் எதிரே தெரிவதுதான் ரூடெஸ்ஹைம். நடுவில் ஆறு மட்டும். கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையே ரைனுக்குப் பாலமே கிடையாது என்பதால் அங்கங்கே படகுத்துறைகள் இருக்கின்றன. பிங்கனிலிருந்து ரூடெஸ்ஹைமுக்குப் படகு உண்டு. லோரலைப் பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் ஸாங்க்ட் கோவாரிலிருந்து எதிரே ஸாங்க்ட் கோவார்ஸ்ஹவுசனுக்கும் உண்டு. கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்குப் பேருந்தைவிட இதுதான் பிடிக்கும் என்பது என் பந்தயம்.

டிக்கெட்டில்தான் சிக்கல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

எஸ்இவி பேருந்துக்குத் தனி டிக்கெட் கிடையாது. ரயிலுக்கு வைத்திருக்கும் டிக்கெட்டே செல்லும். நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் போகும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் செல்லும். ஓட்டுநரிடம் காசை நீட்ட வேண்டாம். ஆனால் தனியார் தொலைதூரப் பேருந்து, பச்சை நிறத்தில் ஓடுகிறதே ஃப்ளிக்ஸ்பஸ், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், டாய்ச்லாண்ட் டிக்கெட்டையும் மலிவு விலை ஐசிஇ டிக்கெட்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது. நம் மாணவர்கள் எல்லோரும் செய்வதுதான். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய டாய்ச்லாண்ட் டிக்கெட் 2025-ல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. இவ்வளவு கொடுத்து வைத்திருக்கும்போது, ஊரிலிருந்து பெரிய நிலையம் வரை அதில் போய், அங்கிருந்து மட்டும் 'ஸ்பார்ப்ரைஸ்' டிக்கெட் எடுப்பது சிக்கனம் என்றுதான் தோன்றும். சாதாரண நாளில் சிக்கனம்தான். மூடல் நாளில் பேருந்து நெரிசலில் சிக்கி ஐசிஇ போய்விட்டால், அந்த டிக்கெட் வெறும் காகிதம். இரண்டும் தனித்தனி ஒப்பந்தம் என்பதுதான் காரணம். ஐசிஇ சரியான நேரத்துக்குக் கிளம்பியது. நீங்கள்தான் வரவில்லை, அவ்வளவுதான் கணக்கு.

அதே பயணத்தை வீட்டு நிலையத்திலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக, பேருந்தையும் உள்ளடக்கி எடுத்திருந்தால் நிலைமையே வேறு. சேருமிடத்தில் குறைந்தது 20 நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தாலே, 'இந்த வண்டியில்தான் போக வேண்டும்' என்ற கட்டு அவிழ்ந்துவிடும். ஜெர்மனில் 'ட்சூக்பின்டுங்'. அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ஆகவே பேருந்துக்குப் பின்னால் ஐசிஇ இருந்தால், டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்தாலும் முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட் எடுங்கள். கூடுதலாகும் சில யூரோவைக் காப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

டாய்ச்லாண்ட் டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, '20 நிமிடம் தாமதமானா ஐசிஇ ஏறிக்கலாம் மச்சான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த உரிமை அந்த டிக்கெட்டுக்குக் கிடையாது. அந்த டிக்கெட்டில் ஐசிஇ ஏறலாம் என்று ரயில்வே தானாகவே அறிவித்தால் மட்டும்தான்.

பேருந்துக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே செயலி காட்டும் ஏழு எட்டு நிமிடம் பகல் கனவு. தேடலில் மாறும் நேரத்தைக் கூட்டிப் போட வசதி இருக்கிறது. குறைந்தது 20 நிமிடம் வையுங்கள். வெள்ளி மாலை என்றால் 30. விமானத்துக்கு, போதும் என்று தோன்றும் இணைப்புக்கு முந்தைய இணைப்பை எடுங்கள்.

முன்பே டிக்கெட் வாங்கிவிட்டீர்கள், பிறகுதான் மூடல் அறிவிப்பு வந்தது என்றால் பதற வேண்டாம். உங்கள் வண்டி ரத்தாகியிருந்தாலோ நேரம் கணிசமாக மாறியிருந்தாலோ மின்னஞ்சல் வரும். வேறு வண்டியில் போகலாம், பயணத்தைக் கைவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கும் வழக்கம் உண்டு. தேடிப் பாருங்கள்.

முந்தைய நாள் இரவு

வாங்கும்போது ஒரு தடவை, ஒரு வாரம் முன்பு ஒரு தடவை, முந்தைய இரவு ஒரு தடவை என மூன்று முறை பார்ப்பது என் வழக்கம். செயலியில் பயணத்தைச் சேமித்து அறிவிப்பை இயக்கி வைத்தால் மாற்றங்கள் கைபேசிக்கு வரும்.

இரவில் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம், பேருந்து எங்கிருந்து கிளம்புகிறது என்பது. ஒருமுறை நான் இரண்டு பெட்டிகளோடு நிலைய முகப்பில், எல்லா நகரப் பேருந்துகளும் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். எஸ்இவி பேருந்தோ நிலையத்தின் பின்பக்கம், சுரங்கப்பாதை தாண்டி ஒரு தெருவிலிருந்து கிளம்பிப் போயிருந்தது. அறிவிப்புப் படம் எனக்குப் பின்னால் இருந்த கண்ணாடிச் சட்டத்திலேயே ஒட்டியிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. சில ஊர்களில் பேருந்து திரும்ப முகப்பில் இடமிருக்காது. ஐந்து நிமிட நடையில் உள்ள முக்கியச் சாலையிலோ மத்தியப் பேருந்து நிலையத்திலோ நிறுத்தம் வைப்பார்கள். நிலையத்தின் பெயரைப் போட்டு எஸ்இவி நிறுத்தம் எங்கே என்று தேடிப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியோ நடக்க முடியாத பெரியவரோ உடன் வந்தால், ரயில்வேயின் உதவி மையத்துக்கு, ஜெர்மனில் 'மொபிலிட்டேட்ஸ்ஸெர்விஸ்', குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். அன்று காலை போய் நின்றால் கையை விரிப்பார்கள்.

நிலையத்திலும் பேருந்திலும்

பெரிய மூடல்களில் பேருந்துகளை ஊதா நிறத்தில் பார்க்கலாம். ரீட்பானில் அப்படித்தான் தொடங்கியது. சின்ன மூடல்களில் யாரோ ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்து, முன்கண்ணாடியில் எஸ்இவி என்று ஒரு தாளோடு வரும். இரண்டும் செல்லும். ஏறும் முன் ஊர்ப் பெயரையும் தட எண்ணையும் சரிபாருங்கள். ஒரே இடத்திலிருந்து எல்லா நிலையத்திலும் நிற்பதும், நடுவில் நிற்காத விரைவுப் பேருந்தும் கிளம்பும். நடு ஊருக்குப் போகிறவர் விரைவுப் பேருந்தில் ஏறினால் கதை முடிந்தது. சந்தேகம் இருந்தால் ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரை மட்டும் கேள்விக்குறியோடு சொல்லுங்கள், போதும்.

சைக்கிளைப் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். மடக்கு சைக்கிள் பரவாயில்லை. 23 கிலோ பெட்டி இரண்டோடு சென்னையிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் முதல் ஆளாக வரிசையில் நில்லுங்கள். சுற்றுலாப் பேருந்தில் அடியில் சாமான் அறை இருக்கும். நகரப் பேருந்தில் தள்ளுவண்டிக்கான இடம்தான், அங்கே குழந்தை வண்டி வந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. நகரப் பேருந்தில் கழிப்பறை இருக்காது. கிளம்பும் முன் நிலையத்திலேயே போய்விடுங்கள். அதற்கு நாணயம் வைத்திருங்கள். ஆகஸ்ட் வெயிலில் நிறுத்தத்தில் நிழல் கிடைப்பதும் அரிது. ஒரு பாட்டில் தண்ணீர், நம் வீட்டுத் தயிர்சாதம் இருந்தால் இன்னும் நல்லது.

தாமதமானால் பணம்

சேருமிடத்தில் 60 நிமிடம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், 120 நிமிடம் ஆனால் 50 சதவீதமும் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். செயலியிலோ கணக்கிலோ படிவம் இருக்கிறது, ஜெர்மன் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

பலரும் ஏமாறுவது இங்கேதான். வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகும் பயணம் மூடலால் இரண்டேகால் மணி ஆனது, எனவே இழப்பீடு வரும் என்று விண்ணப்பிப்பார்கள். வராது. நீங்கள் வாங்கும்போதே செயலி இரண்டேகால் மணி என்று காட்டியிருந்தால் அதுதான் உங்கள் கால அட்டவணை. அதற்கும் மேல் எவ்வளவு தாமதம் என்பதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். டிக்கெட் வாங்கிய அன்று இணைப்பு விவரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

நள்ளிரவுச் சங்கதி ஒன்று. அட்டவணைப்படி இரவு 12 முதல் காலை 5 மணிக்குள் சேர வேண்டியவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாவார்கள் என்றாலோ, அன்றைய கடைசி இணைப்பு ரத்தாகி நள்ளிரவுக்குள் ஊர் சேர வழியில்லை என்றாலோ, டாக்சிச் செலவை 120 யூரோ வரை திரும்பப் பெறலாம். முதலில் நிலையத்தில் ஊழியர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள், இருந்தால் அவரிடம் கேளுங்கள். யாரும் இல்லையென்றால் டாக்சி எடுத்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட்காரர்களுக்கு 60 நிமிடத் தாமதம் ஒவ்வொன்றுக்கும் 1.50 யூரோ. நான்கு யூரோவுக்குக் குறைந்தால் தர மாட்டார்கள். எனவே மூன்று தாமதத்தைச் சேர்த்து 4.50 ஆக்கி ஒரேயடியாக அனுப்புங்கள். மூடல் நடக்கும் தடத்தில் தினமும் போய்வருகிறவருக்கு மூன்று சேர ரொம்ப நாளாகாது.